கேமராவைப் பார்த்தபடியே திருடியவள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் சிஸ்டர்களே, பிரதர்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. "நீ நர்ஸ் வேலைக்குப் போனதால போலீஸுக்கு ஒரு நல்ல ஆள் போச்சு" என்பார் என் வீட்டுக்காரர். காய்கறிக்காரர் ஒரு கத்திரிக்காயைத் தானாக எடுத்து நீட்டினால், அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பொறுக்குவேன். ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவரை இந்தக் குணத்துக்காக நன்றாகத் திட்டு வாங்கினேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் மெடிக்கல் ரூமுக்கு வந்த பிறகுதான் இது தொழிலுக்கு வேண்டிய சாமான் என்று தெரிந்தது.

ஏனென்றால் கம்பெனி மெடிக்கல் ரூமுக்குள் வருகிற யாரும் முழு உண்மையைச் சொல்வதில்லை. லீவு வேண்டுகிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவான். ஓ.டி. காசு போய்விடுமே என்று பயப்படுகிறவன், உடம்பு கொதிக்கும்போதும் "வெயில்ல நின்னுட்டு வந்தேன் சிஸ்டர்" என்பான். சூப்பர்வைசர் ரத்தம் சொட்டும் விரலை வேஸ்ட் துணியில் சுற்றி அழைத்துவந்து "லேசா கீறிடுச்சு" என்பார். எச்.ஆர். ஆபீஸிலிருந்து போன் வந்தால் "ஒண்ணுமில்ல சிஸ்டர், சும்மா ரெக்கார்டுக்கு" என்று ஆரம்பிப்பார்கள். அந்தச் 'சும்மா'வைக் கேட்டாலே எனக்குத் தூக்கம் போய்விடும்.

இன்றைக்கு வலிப்பைப் பற்றிப் பேசுகிறேன். கீழே விழுந்து, விறைத்து, கை கால் வெட்டி, வாயில் நுரை தள்ளுகிற வலிப்பைக் கண்டுபிடிக்க நீங்கள் தேவையில்லை. கேட்டுக்கு வெளியே பஜ்ஜி போடுகிறவரே சொல்லிவிடுவார். அங்கே உங்கள் வேலையெல்லாம் கூட்டத்தை விலக்குவது, ஆளை ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்க விடாமல் காவல் நிற்பது. இன்னொன்றும் உண்டு. ஊரில் என்றால் ஒரு சாவிக்கொத்தைத்தான் தேடுவார்கள். நம் கம்பெனிகளில் இரும்புக்கா பஞ்சம்? ஒருமுறை நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ஒரு பையன் கையில் ஆளுக்கொரு ஸ்பேனராகத் திணித்து, டூல் ரூமையே அவன்மேல் இறக்கிவைத்திருந்தார்கள். வலிப்பு தானாக நின்றது. ஸ்பேனர் விழுந்து கால் கட்டைவிரல் நசுங்கியதற்குத்தான் நான் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது.

உங்களை ஏமாற்றுவது மற்ற வகைகள். அவை நோய் மாதிரியே இருக்காது. குடி மாதிரி இருக்கும், திமிர் மாதிரி இருக்கும், தூக்கம் மாதிரி இருக்கும். முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் ஃபர்ஸ்ட் ஷிஃப்டில் டீ கிளாஸை சூப்பர்வைசர் சட்டையில் விசிறி அடித்துவிட்டான். ராத்திரி அடித்த சரக்கு இன்னும் இறங்கவில்லை என்று செக்யூரிட்டி அவன் வாயை மோந்து பார்த்தார். மோந்தவருக்குக் கிடைத்தது பூண்டு ஊறுகாய் வாசனைதான். "சாயந்தரம் டீ குடிக்கும்போது இப்படி ஆகுமா?" என்று கேட்டேன். ஆகாதாம். "பல் விளக்கும்போது?" என்றேன். "பிரஷ் தானா எகிறி விழுகுது சிஸ்டர், தூக்கம் இல்லாத மறுநாள் ரொம்ப" என்று அழுகிற மாதிரி சொன்னான். எழுந்ததும் கைகள் மட்டும் சட்டென்று வெட்டி இழுப்பதும் வலிப்பில் ஒரு வகை. நினைவு தப்பாது, ஆள் விழவும் மாட்டான். டாக்டரிடம் அனுப்பினோம், மாத்திரை கொடுத்தார், நைட் ஷிஃப்டை நிறுத்தினார்கள். அந்தச் சூப்பர்வைசர் மட்டும் கடைசிவரை அவனுக்குத் தன் கையால் டீ கொடுக்கவே இல்லை.

சரி, இசக்கி கதைக்கு வருகிறேன். அது அவள் பெயர் இல்லை. நிஜப் பெயரை உங்களிடம் சொல்லமாட்டேன், உங்களையும் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

காருக்குள் ஓடுகிற வயர்க் கட்டுகளைச் செய்கிற லைனில் அவள் நின்றாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வல்லக்கோட்டையில் ஹாஸ்டல், கம்பெனி பஸ்ஸில் வரவும் போகவும். வயர் நுனியில் மாட்டுகிற டெர்மினல் என்ற சின்னப் பித்தளைத் துண்டுகள் அவள் முன்னால் தட்டில் குவிந்திருக்கும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து போகும்போது கேட்டில் எல்லாப் பெண்களையும் தடவிப் பார்த்து அனுப்புகிற செக்யூரிட்டி தேவகி ஒருநாள் அவள் ஓவர்கோட் பாக்கெட்டில் கைவிட்டாள். கைநிறைய டெர்மினல் வந்தது. இதற்கு முன்பும் ஒருமுறை வந்திருக்கிறது. அப்போது "தெரியாம விழுந்திருக்கும்" என்று திட்டி அனுப்பியிருந்தார்கள். இந்த முறை நேராக எச்.ஆர். ரூம்.

எனக்குப் போன் வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. "சிஸ்டர், சீக்கிரம் வாங்க, இங்க ஒருத்தி நடிக்கிறா" என்றார் எச்.ஆர். அதிகாரி. போனால் இசக்கி தரையில் கிடந்தாள். அவள் கையில் ஒரு சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு லைன் சூப்பர்வைசர் தயாளன் குந்தியிருந்தார். படப்பைக்காரர், என் தெருவுக்கு நாலு தெரு தள்ளி வீடு.

"ஃபிட்ஸ் சிஸ்டர். கையி காலு வெட்டிக்கினு வுழுந்திச்சு. எனக்கு இன்னா பண்றதுன்னே தெர்ல" என்றார்.

"ஃபிட்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. கேள்வி கேட்டதும் விழுந்தா. டபாய்க்கிறா" என்றார் எச்.ஆர்.

நான் இரண்டு பேரையும் நம்பவில்லை. பெண்ணின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை ஓடியது. கன்னத்தைத் தட்டியதும் கண்ணைத் திறந்தாள், என்னை அடையாளம் கண்டாள், "சிஸ்டர், எங்க அம்மைக்கிப் போன் போட்டுறாதீங்க" என்றாள். வலிப்பு வந்து எழுந்தவர்கள் இவ்வளவு தெளிவாக எழ மாட்டார்கள். இடம் தெரியாமல் முழிப்பார்கள், தூங்க ஆரம்பித்துவிடுவார்கள். காலையிலிருந்து சாப்பிடவில்லை, விசாரணை என்று நிற்கவைத்தே பேசியிருக்கிறார்கள், பயம் வேறு. வெறும் மயக்கம். மயக்கத்திலும் கை கால் இரண்டு வெட்டு வெட்டும், அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கால்களைத் தூக்கிவைத்து, தெளிந்ததும் ஜூஸ் கொடுத்தேன்.

"மயக்கம்தான். நடிப்பு இல்ல, ஃபிட்ஸும் இல்ல" என்றேன்.

எச்.ஆர். அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்ப எந்த வியாதியும் இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்க. சும்மா ரெக்கார்டுக்கு. இப்பவே எழுதிட்டீங்கன்னா இன்னிக்கே முடிச்சுடலாம்."

வந்துவிட்டதா 'சும்மா'? என்னை யாராவது எழுதச் சொல்லி அவசரப்படுத்தினால் பேனாவை மூடிவிடுவேன். "எதை முடிக்கிறீங்க?" என்று கேட்டேன். வேலையை விட்டுத் தூக்குகிறார்களாம். திருட்டு என்று கேமராவிலேயே பதிவாகியிருக்கிறதாம். "வாங்க, நீங்களே பாருங்க, உங்களுக்கும் சந்தேகம் போயிடும்" என்று கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

பார்த்தேன். லைனில் வரிசையாகப் பெண்கள். இசக்கியின் வலது கை தட்டுக்குப் போகிறது, அள்ளுகிறது, பாக்கெட்டுக்குள் போகிறது. மறுபடி தட்டு, மறுபடி பாக்கெட். பட்டப்பகலில், நிதானமாக. "எவ்ளோ தைரியம் பாருங்க, கேமராவையே பார்த்துக்கிட்டு எடுக்குறா" என்றார் எச்.ஆர்.

எனக்கும் திருட்டாகத்தான் தெரிந்தது. ஆனால் அவர் சொன்ன அந்த வார்த்தைதான் உறுத்தியது. கேமரா எங்கே இருக்கிறது என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். திருடுகிறவள் எதற்காக அதையே பார்த்துக்கொண்டு திருட வேண்டும்? சுற்றுமுற்றும் பார்ப்பாள், சூப்பர்வைசர் எங்கே என்று பார்ப்பாள், கையை மறைப்பாள். இவள் எதையும் செய்யவில்லை. நான் படித்த காலத்தில் வார்டு இன்சார்ஜ் அம்மா ஒருவர் வலிப்பு நோயாளிக்குப் பக்கத்தில் எங்களை நிறுத்திவைத்து, "ஆட்டத்தைப் பாக்காதீங்கடி, ஆள் எங்க போயிருக்குன்னு பாருங்க" என்று கத்துவார். அந்தச் சத்தம் காதில் கேட்டது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றேன். திரையின் கீழ்ப்பாதியை, அதாவது அவள் கைகள் தெரிகிற இடத்தை, என் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பார்த்தேன்.

அவள் அங்கே இல்லை. கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. வாய் எதையோ மெல்லுகிறது, வாயில் ஒன்றும் இல்லை. வேலை பின்தங்கினால் எரிகிற லைன் விளக்கு தலைக்கு மேல் சிவப்பாக எரிந்தும் திரும்பவில்லை. பிறகு முகத்தை மறைத்துக் கைகளைப் பார்த்தேன். இடது கை மணிக்கட்டு கோணிக்கொண்டு விறைத்து நிற்கிறது. வலது கை முதலில் கோட்டுப் பொத்தானை நோண்டுகிறது, அப்புறம் தட்டை நோண்டுகிறது. டெர்மினலோடு சேர்த்து அறுத்துப்போட்ட டேப் துண்டையும், வெட்டி எறிந்த வயர்க் குப்பையையும் அள்ளிப் பாக்கெட்டில் போடுகிறது. தேவகியைக் கூப்பிட்டு "பாக்கெட்ல வேற என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"குப்பை கூட இருந்திச்சு சிஸ்டர். டேப்பு, பிஞ்ச வயரு. அத்த நான் டஸ்ட்பின்ல போட்டுட்டேன்" என்றாள்.

குப்பையை யாராவது திருடுவார்களா? நினைவு மட்டும் தப்பி, உடம்பு பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கும் வலிப்பு ஒன்று உண்டு. மூளையின் ஒரு பக்கத்தில் ஆரம்பிப்பது. ஓரிரு நிமிஷம்தான். ஆள் விழமாட்டார், நடக்கக்கூடச் செய்வார், மெல்லுவார், நோண்டுவார், கையில் கிடைத்ததை எடுப்பார். முடிந்ததும் ஒன்றும் ஞாபகம் இருக்காது. இவர்கள் எல்லோரும் பார்த்துப் பதறியது வலிப்பே இல்லாத மயக்கம். ஊரே கூடிப் பார்த்துத் திருட்டு என்று சொன்னதுதான் வலிப்பு.

"இது நோயா இருக்கலாம் சார்" என்றேன்.

"இப்பதான எந்த நோயும் இல்லன்னீங்க? நல்லாப் பாருங்க, பக்கத்துல நிக்கிறவ என்ன பண்றான்னு."

பார்த்தேன். இசக்கி நின்றுபோன நேரத்தில், பக்கத்தில் நிற்கிற பெண் தலையைக்கூடத் திருப்பாமல் கையை நீட்டி இசக்கியின் வேலையையும் சேர்த்துச் செய்கிறாள். எதுவும் நடக்காத மாதிரி முகம். "ரெண்டு பேரும் கூட்டு. அவ எடுப்பா, இவ மறைப்பா. ரெண்டு பேரையும் அனுப்பணும்" என்றார் எச்.ஆர்.

டாக்டர் பார்க்கும்வரை எந்த முடிவும் எடுக்கக் கூடாது, இல்லையென்றால் நானே மேலே எழுதுவேன் என்று மிரட்டித்தான் நாலு நாள் அவகாசம் வாங்கினேன்.

முதலில் இசக்கியைத் தனியாகக் கேட்டேன். "அந்த மாதிரி ஆகறதுக்கு முன்னாடி வயித்துலேர்ந்து ஏதாச்சும் மேல ஏறி வருதா? ஏதாச்சும் வாடை வருதா?"

"இல்ல சிஸ்டர்."

"சின்ன வயசுல காய்ச்சல்ல ஏதாவது..."

"இல்ல சிஸ்டர். ஒண்ணும் இல்ல."

என் கேள்வி முடியவே இல்லை, அதற்குள் பதில் வந்துவிட்டது. அவளையும் சந்தேகப்பட்டேன். திருடி என்று அல்ல. தெரிந்தே எதையோ மறைக்கிறாள் என்று.

பக்கத்தில் நிற்பவள் பெயர் ஜெபா என்று வைத்துக்கொள்ளுங்கள். நாசரேத்துப் பெண், இசக்கியின் ஹாஸ்டல் ரூம்தான். அவளும் முதலில் ஒன்றும் தெரியாது என்று சாதித்தாள். "உன்னையும் திருடின்னுதான் எழுதப்போறாங்க" என்று சொன்னதும் உடைந்துவிட்டாள்.

"அவ அப்படியே நின்னுருவா சிஸ்டர். கூப்பிட்டாலும் கேக்காது. லைன் நின்னா தயாளன் சார் சத்தம் போடுவாவ, அதான் நானே அவ பாயிண்டையும் குத்திருவேன். கொஞ்ச நேரத்துல சரியாயிருவா. என்னடி ஆச்சின்னா, ஒண்ணுமில்லியேம்பா."

"ரூம்லயும் உண்டா?"

"உண்டு. ஒருநா என் சோப்பு டப்பாவ எடுத்து அவ பைக்குள்ள வச்சிட்டு நிக்கா. நானும் களவாணின்னுதான் நெனச்சேன். முடியப் பிடிச்சிச் சண்டை போட்டேன். பெறவு பாத்தா அவளுக்கு ஒண்ணுமே தெரியல. எங்க சர்ச்சில ஜெபிச்ச எண்ணெய் வாங்கித் தேச்சிவிட்டேன். அவ வல்லக்கோட்டை முருகனுக்கு நேந்துகிட்டா. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா சிஸ்டர்."

லைன் நிற்கக் கூடாது என்று ஒருத்தி கை கொடுத்தாள். அந்த அன்பாலேயே நோய் யார் கண்ணிலும் படவில்லை. இதை நம் தொழிலில் நிறையப் பார்ப்பீர்கள். நன்றாக ஓடுகிற லைனைப் பார்த்தால் எனக்கு இப்போதும் சந்தேகம் வரும், யாருடைய வேலையை யார் செய்கிறார்கள் என்று.

மறுநாள் காலை இசக்கி தானாகவே மெடிக்கல் ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினாள். ஜெபா சொல்லிவிட்டாள் என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இதுவரை சிஸ்டர் என்று கூப்பிட்டவள் அன்றைக்கு அக்கா என்றாள்.

"அக்கா, திருடின்னே எழுதிருங்க."

"என்னடி சொல்ற?"

"நாந்தான் எடுத்தேன்னு கையெழுத்துப் போட்டுத் தாரேன். ஜெபாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னும் எழுதுதேன். திருடின்னா இந்தக் கம்பெனி மட்டுந்தான போவும்? ரோட்டுக்கு அந்தப் பக்கமே அம்புட்டுக் கம்பெனி இருக்கு. வலிப்புன்னு ஊருக்குத் தெரிஞ்சா எங்க அக்காளத் திருப்பி அனுப்பிருவாவ. அவ மாசமா இருக்கா. சின்னதுல எனக்குக் காய்ச்சல்ல வந்திருக்கு. மாப்பிள்ள வீட்டுல மறைச்சித்தான் அக்காளக் கெட்டிக் குடுத்திருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்று கேட்டால் இன்றுவரை சரியாகச் சொல்ல முடியாது. ஒரு பெண் பிள்ளை, நோயாளி என்ற பெயரைவிடத் திருடி என்ற பெயர் பரவாயில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள். அந்தக் கணக்கு தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஓங்கி ஒரு அறை விடலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. இரண்டும் செய்யவில்லை, உட்காரச் சொன்னேன்.

முந்தைய நாள் தயாளனிடம் பேச்சுக் கொடுத்ததில் ஒன்று தெரிந்திருந்தது. "நல்ல ஸ்பீடு கையி சிஸ்டர் அதுக்கு. அடுத்த மாசம் பிரஸ் மெஷின்ல போடலாம்னுகீறேன். அதுக்குள்ள இப்டி ஆய்ட்ச்சு" என்றார். வயரின் நுனியில் டெர்மினலை வைத்து அழுத்துகிற மெஷின் அது. விரலுக்கும் வயருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனாலும் மெஷின்தான் இசக்கி. உன் ஸ்பீடைப் பார்த்து அங்கயும் பிரஸ்ல நிறுத்துவான். நீ நின்னுபோற நேரத்துல மெஷின் நிக்காது. அங்க பக்கத்துல ஜெபா இருக்க மாட்டா" என்றேன்.

தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "வயித்துல இருந்து ஒரு பயம் ஏறி வரும்க்கா. ரப்பர் கருகுத வாடை. அவ்வளவுதான் தெரியும். பெறவு ஜெபா முகந்தான் தெரியும்" என்றாள். நோயின் பெயர் வெளியே போகாது, எச்.ஆருக்கும் போகாது என்று நான் வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் சென்னைக்கு நரம்பு டாக்டரிடம் வரச் சம்மதித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் தலையில் வயர் ஒட்டி எடுத்த டெஸ்ட், ஒன்றுமில்லை என்று வந்தது. அந்தச் சேதி எப்படித்தான் கம்பெனிக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததோ, "பார்த்தீங்களா, நார்மல்!" என்று எச்.ஆர். எனக்குப் போன் போட்டார். மதியம் மட்டும் வந்துபோகிற எங்கள் கம்பெனி டாக்டருக்குமே, நோய் இல்லை என்று எழுதிவிடலாமா என்று லேசாகச் சபலம் தட்டிவிட்டது. நீங்கள் இந்த இடத்தில் வழுக்கக் கூடாது. அந்த டெஸ்ட் எடுக்கிற கொஞ்ச நேரத்தில் மூளை சும்மா இருந்தால் நார்மல் என்றுதான் வரும். திருடன் தூங்குகிற நேரத்தில் போட்டோ எடுத்துவிட்டு, இவன் திருடவே மாட்டான் என்று சொல்வது மாதிரிதான் அது.

இதைச் சந்தேகப்பட்டுத்தான் நான் ஜெபாவையும் கையோடு கூட்டிப் போயிருந்தேன். "நீ பார்த்ததைச் சொல்ல வேண்டாம், செஞ்சு காட்டு" என்றார் நரம்பு டாக்டர். ஜெபா வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்து நின்றாள். பார்வையை நிறுத்தினாள், மென்றாள், ஒரு கையைக் கோணினாள், இன்னொரு கையால் துப்பட்டாவை நோண்டினாள். தனக்கு என்ன ஆகிறது என்பதை இசக்கி அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, "இதுக்கா என்கூடச் சண்டை போட்ட?" என்று கேட்டாள். டாக்டருக்கு அதற்குமேல் சந்தேகம் இல்லை. மாத்திரை எழுதினார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிற்பாடு ஸ்கேனில் பழைய தழும்பு ஒன்று தெரிந்தது.

கடைசியாக எச்.ஆர். ரூம். "பொருளை அறியாமல் எடுத்திருக்கிறார். மருத்துவக் காரணம். மெஷினில் நிறுத்தக் கூடாது, மேஜை வேலை கொடுக்கலாம்." டாக்டர் கையெழுத்தோடு அவ்வளவுதான் கொடுத்தேன்.

"என்ன வியாதி?"

"அது மெடிக்கல் ரூம் விஷயம் சார்."

"அதை எழுதலன்னா நான் எப்படி நம்புறது?"

"என்னை நம்ப வேண்டாம். டாக்டர் கையெழுத்தை நம்புங்க."

"நீங்களும் அந்தப் பொண்ணும் ஒரே ஊரா? சொந்தமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் படப்பை. தயாளன்தான் அப்போது வாயைத் திறந்தார். "நம்ம லைன்லியே லேபிள் ஒட்ற டேபிள் காலியா கீது சார். ரெண்டையும் அனுப்ச்சிட்டா நான் யார வச்சினு லைன் ஓட்றது?" அது பெரிய மனசா, டார்கெட் பயமா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். எதுவாக இருந்தால் என்ன, வேலை நடந்தது.

இசக்கி லேபிள் மேஜைக்குப் போனாள், ஜெபா எதிரில் நின்றாள். மாத்திரை பிடித்துக்கொண்டது. நின்றுபோவது குறைந்து, பிறகு அடியோடு நின்றது. அவள் அக்காவுக்குக் குழந்தை பிறந்து மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தாள். பிற்பாடு வேறு வேலைக்குப் போய்விட்டாள், திருடி என்று அல்ல, நல்லபடியாக. எங்கே என்று கேட்காதீர்கள்.

திருட்டுச் சந்தேகம் அவளைவிட்டு நீங்கி என்மேல் ஏறிக்கொண்டது. எதையோ மறைக்கிறேன், எனக்கும் பங்கு உண்டு என்று மேலே பேச்சு. இசக்கி லேபிள் மேஜைக்குப் போன அடுத்த வாரத்திலிருந்தே கேட்டில் என் ஹேண்ட்பேகையும் திறந்து பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் இல்லாத வழக்கம். சாப்பாட்டு டப்பா, குடை, கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் தேவகி வெளியே எடுத்து வைத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

கொஞ்ச நாள் இப்படிப் போனது. ஒரு சாயந்தரம் தேவகி என் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு, உதடு அசையாமல் கேட்டாள்.

"சிஸ்டர், அந்த இசக்கிப் பொண்ணுக்கு இன்னா வியாதி?"

அடிப்பாவி, அனுப்பிவைத்திருக்கிறார்கள் உன்னை என்று நினைத்துக்கொண்டேன். "எனக்குத் தெரியாது" என்றேன்.

"சொல்லாட்டி போங்க. நான் அதுக்குக் கேக்கல. எம் பொண்ணு கீதுல்ல, மூணாவது படிக்குது. பேசிக்கினே இருக்கும், திடீர்னு டக்குனு நின்னுடும். ஒரு நொடி. அப்பால வுட்ட எட்த்துலேர்ந்து பேசும். டீச்சரு திமிருன்னு அடிக்குது சிஸ்டர். நானும் அடிச்சிட்டேன்."

என் சந்தேகம் அப்போதும் போகவில்லை. "நிக்கும்போது கண்ணு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"இமை மட்டும் படபடன்னு அடிச்சிக்கும். பட்டாம்பூச்சி மேரி."

இதைச் சொல்லிக்கொடுத்து அனுப்ப எந்த எச்.ஆருக்கும் தெரியாது. குழந்தைகளுக்கு வருகிற வலிப்பு வகை அது. விழாது, நோண்டாது, ஒரு நொடி விளக்கு அணைந்து எரிகிற மாதிரி. நான் கண்ணாடிக் கூட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஆபீஸ் ஜன்னல்ல யாராவது பாக்குறாங்களா?" என்றேன்.

"பாக்குறாரு" என்றாள் தேவகி.

"அப்ப இன்னும் நல்லாத் துழாவு" என்றேன்.

அவள் துழாவினாள். நான் குடையைப் பிரித்துக் காட்டியபடி எந்த டாக்டர், எந்தக் கிழமை, டீச்சரிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மறுநாளும் சோதனை, அதற்கு மறுநாளும். மெடிக்கல் ரூம் கதவைத் தட்டப் பயந்தவர்கள் எல்லாம் கேட்டில் வரிசையில் எனக்குப் பின்னால் நெருங்கி நின்று ரகசியமாகக் கேட்க ஆரம்பித்தார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குச் சோதனை கடுமையாக நடக்கிறது என்று தோன்றும். ரிட்டயர் ஆகும்வரை அந்த உத்தரவை ரத்து செய்யச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

கடைசி நாள், எனக்குப் போட்ட மாலையையும் பையில் திணித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். தேவகி வழக்கம்போல எல்லாவற்றையும் எடுத்தாள், குனிந்தாள்.

"இப்பெல்லாம் நிக்கிறதேயில்ல சிஸ்டர். ஒரே பேச்சு. வாய மூடுன்னாலும் மூட மாட்டேங்குது" என்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு நிமிர்ந்து, ஜிப்பை இழுத்து மூடி, ஆபீஸ் ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"ஒண்ணியும் இல்ல. போங்க சிஸ்டர்."